எங்கே நின்று கேட்டீர்கள்?

ராக் ரசிகர்கள் நாலு பேர் கூடினால் இரண்டாவது டீ வருவதற்குள் சண்டை தொடங்கிவிடும். லெட் ஸெப்பெலினா, டீப் பர்ப்பிளா? ஏசி/டிசியா, கன்ஸ் அண்ட் ரோஸஸா? கூட்டத்தில் வயது குறைந்தவர் ஒருவர் இருந்தால் கோஸ்ட், ஸ்லீப் டோக்கன், ராயல் பிளட் என்று பேச்சு திரும்பும். ஆல்பத்தை வைத்து வாதாடும்வரை தொல்லை இல்லை, எல்லோரும் கேட்டது ஒரே பதிவு. ‘லைவ்ல யார் பெரிய ஆள்’ என்று வந்ததும்தான் பேச்சு தடம் புரள்கிறது. ஒரே கச்சேரிக்குப் போய்வந்த இருவரில் ஒருவர் “பாடகர் குரலே கேட்கவில்லை” என்பார், இன்னொருவர் “இப்படி ஒரு சவுண்டைக் கேட்டதே இல்லை” என்பார். இருவர் சொல்வதும் உண்மைதான். இருவருக்கும் நடுவில் ஒரு 40 மீட்டர் இருந்திருக்கும்.

ஆகவே என் கட்சி இது: ஒரு பேண்டின் லைவ் தரத்தைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் முதலில் “எங்கே நின்று கேட்டீர்கள்?” என்று கேட்டுவிட வேண்டும். அதற்குப் பதில் கிடைத்த பிறகுதான் பேண்டைப் பற்றிப் பேச முடியும்.

மேடையின் இரண்டு பக்கமும் வாழைத்தார் மாதிரி வளைந்து தொங்கும் ஸ்பீக்கர் வரிசைக்கு லைன் அரே என்று பெயர். பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்டியான் ஹைல் 1992-ல் எல்-அகூஸ்டிக்ஸின் வி-டாஸ்க்கைக் கொண்டுவந்த பிறகு உலகமெங்கும் பெரிய மேடைகள் இதற்கு மாறின. சாதாரண ஸ்பீக்கரிலிருந்து தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் இறங்கும். நன்றாகத் தொங்கவிட்ட லைன் அரேயில் ஒரு குறிப்பிட்ட தூரம்வரை 3 டெசிபல்தான் இறங்குகிறது. மேலே உள்ள பெட்டிகள் மைதானத்தின் கடைசியைப் பார்க்கும், கீழே வளைந்து வரும் பெட்டிகள் முன்வரிசையைப் பார்க்கும். ஆனால் மேடை முன் தடுப்பான பாரிகேடை ஒட்டி நிற்பவர் அந்த வளைவுக்கும் கீழே நிற்கிறார். அவருக்குக் கிடைப்பது மேடையிலிருந்து நேராக வரும் கிட்டார் ஆம்ப், டிரம்மரின் சிம்பல், மேடை விளிம்பில் வைத்த சின்ன ஸ்பீக்கர்கள் வழியாகக் கொஞ்சம் குரல், நெஞ்சைக் குத்தும் சப்-ஊஃபர் (பாஸ் சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர், சுருக்கமாக சப்). அந்த இடத்தில் எந்தப் பெரிய பாடகரின் குரலும் அமுங்கித்தான் கேட்கும். முகம் பார்க்க, கை விரல் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. சவுண்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மட்டும் அது ஆகாது.

பாஸ் சத்தத்தில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. பலர் கவனிப்பதில்லை. இடது பக்கம் ஒரு சப் அடுக்கு, வலது பக்கம் ஒரு சப் அடுக்கு, நடுவில் 16 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகிறது. 50 ஹெர்ட்ஸ் பாஸின் அலைநீளம் அப்போது 7 மீட்டர். மைதானத்தின் நடுக்கோட்டில் நின்றால் இரண்டு பக்கத்துச் சத்தமும் ஒரே நேரத்தில் வந்து கூடும். மேடையிலிருந்து 30 மீட்டர் பின்னால் நின்று, நடுக்கோட்டிலிருந்து 7 மீட்டர் பக்கவாட்டில் நகருங்கள். ஒரு அடுக்கு உங்களுக்கு மற்றதைவிட மூன்றரை மீட்டர் அருகில் வந்துவிடும். மூன்றரை மீட்டர் என்பது சரியாக அரை அலை. ஒன்று மேலே தள்ளும்போது மற்றது கீழே இழுக்கும், அந்த 50 ஹெர்ட்ஸ் கரைந்துவிடும். காலால் அடிக்கும் கிக் டிரம்மில் டப் என்ற முனை மட்டும் மிஞ்சும், தும் என்ற வயிறு காணாமல் போகும். பத்து எட்டு எடுத்து வைத்ததில் ‘பாஸிஸ்ட் தூங்குகிறார்’ என்ற தீர்ப்பு வந்துவிடுகிறது. மேடை முன்விளிம்பு முழுக்க சப்களை ஒரே வரிசையாகப் பரப்பினால் இந்தக் குறை பெரும்பாலும் போய்விடும். வேலை தெரிந்த குழுக்கள் அப்படித்தான் வைக்கிறார்கள். மைதானத்துக்குப் போனதும் சப்கள் எங்கே இருக்கின்றன என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். இரண்டு மூலையில் மட்டும் குவித்திருந்தால் நடுக்கோட்டைப் பிடியுங்கள்.

நிற்க வேண்டிய இடம் எது என்று கேட்டால், கூட்டத்தின் நடுவில் மிக்ஸ் செய்கிறவர் உட்காரும் கன்சோல் கூடாரத்துக்கு இரண்டு மூன்று மீட்டர் முன்னால். மிக்ஸ் செய்கிறவர் தன் காதுக்கு எது சரியோ அதையே எல்லோருக்கும் அனுப்புகிறார், ஆகவே அவர் கேட்பதற்கு மிக அருகில் இருப்பது அந்த இடம். கூடாரத்துக்கு நேர் பின்னால் நின்றால் கூடாரமே மேல்ஸ்தாயியை மறைக்கும்.

இன்னும் பின்னால் போனால் டிலே டவர்கள். 70 மீட்டர் தள்ளி ஒரு கோபுரம் நட்டு அதில் ஸ்பீக்கர் மாட்டினால், மேடைச் சத்தம் அங்கே வந்து சேர 200 மில்லி செகண்ட் ஆகும். கோபுரத்து ஸ்பீக்கரையும் அந்த 200 மில்லி செகண்ட் தாமதப்படுத்த வேண்டும், அதற்குமேல் ஒரு 10, 15 சேர்த்துவிட வேண்டும். முதலில் எந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வருகிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் பாட்டு வருகிறது என்று மூளை எடுத்துக்கொள்ளும். அந்தக் கூடுதல் 10, 15 இருந்தால், கோபுரம் தலைக்கு மேல் அலறினாலும் பாட்டு மேடையிலிருந்து வருவதாகவே தோன்றும். இந்தக் கணக்கைக் கோட்டை விட்டால் ஒவ்வொரு ஸ்னேர் டிரம் அடியும் இரண்டாக விழும். பின்வரிசையில் நின்றவர் ‘டிரம்மர் தாளம் தவறினார்’ என்பது பெரும்பாலும் இதுதான். மாலை 35 டிகிரியில் சவுண்ட் செக் செய்து, இரவு 25 டிகிரிக்கு இறங்கினால் அதே 70 மீட்டருக்கு மூன்று நான்கு மில்லி செகண்ட் கூடிவிடும். கவனமுள்ளவர்கள் நடுவில் மாற்றிக்கொள்வார்கள். காற்று பலமாக அடித்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. மேல்ஸ்தாயி வளைந்து வளைந்து வந்து போகும், சிம்பல் சத்தம் யாரோ கதவைத் திறந்து மூடுவதுபோல் கேட்கும்.

சரி, போன் வீடியோ. இப்போதைய சண்டைகளில் பாதி அதை ஆதாரமாகக் காட்டித்தான் நடக்கிறது. போனில் இருக்கும் மைக் பேச்சுக்காகச் செய்தது. கச்சேரியில் சத்தம் 100 டெசிபலைத் தாண்டியதும் போன் தானாகவே ஒலி வாங்கும் அளவைக் குறைத்துக்கொள்ளும். கிக் விழும் ஒவ்வொரு முறையும் அது சட்டென்று குறைத்து மெல்ல ஏற்றுகிறது. கிக்கோடு சேர்ந்து குரலும் கிட்டாரும் அமுங்கி எழும். அமுங்கிய அந்த இடத்தில் பாடகர் பிடித்த ஸ்வரம் பதிவிலேயே இல்லை, அதை வைத்து அவருக்கு மூச்சு போதவில்லை என்று எழுதுகிறார்கள். மேலும் அந்த வீடியோவில் உரக்கக் கேட்கும் குரல் போன் வைத்திருப்பவருடையது. பக்கத்தில் நிற்பவர் சுருதி விலகிக் கத்தினால், பாடகரின் சுருதியும் விலகியதாகத் தோன்றும். 100 மீட்டர் தள்ளி எடுத்த வீடியோவில் டிரம்மரின் கை விழுந்து கால் நொடிக்கு மேல் கழிந்த பிறகே சத்தம் வரும். நிமிடத்துக்கு 120 அடி வேகமுள்ள பாட்டில் அது அரை அடிக்கும் அதிகம்.

1985 ஜூலை 13 அன்று வெம்ப்ளி அரங்கில் லைவ் எய்ட் மேடையில் குவீன் 21 நிமிடம் வாசித்த படத்தை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறோம். அங்கே 72,000 பேர். தலைக்கு மேல் கை தட்டும் இடத்தில் எல்லாக் கைகளும் ஒன்றாக எழாது, மேடை ஓரத்திலிருந்து பின்னோக்கி வயலில் காற்று போவதுபோல அலை போகும். ஒவ்வொருவரும் தங்களுக்குச் சத்தம் வந்து சேர்ந்த நொடியில் தட்டுகிறார்கள். ஒலியின் வேகத்தைக் கண்ணால் பார்க்க அதைவிட நல்ல காட்சி எனக்குத் தெரியாது. ஃப்ரெடி மெர்க்குரியை எல்லாக் காலத்துக்கும் தலைசிறந்த முன்னணிப் பாடகர் என்பவர்கள் அந்த 21 நிமிடத்தைக் காட்டுவார்கள். நானும் அந்தப் பக்கம்தான். அது அவருடைய தனி மேடை அல்ல. பல பேண்டுகளுக்குப் பொதுவான ஏற்பாடு, தங்கள் விளக்கு கிடையாது, பகல் வெளிச்சம், டிக்கெட் வாங்கியவர்கள் குவீனுக்காக மட்டும் வந்தவர்களும் இல்லை. மைக், அதன் ஸ்டாண்டில் பாதிக் கம்பு, பியானோ, இவ்வளவை வைத்துக்கொண்டு கட்டிப்போட்டார்.

பழைய பேண்டுகளையும் புதியவற்றையும் ஒப்பிடும்போது அந்தக் காலத்துச் சவுண்ட் எப்படி இருந்தது என்பதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் நியாயமில்லை. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க் ஷே அரங்கில் பீட்டில்ஸ் வாசித்தபோது 55,600 பேர். அவர்களுக்கென்று வாக்ஸ் செய்து கொடுத்த 100 வாட் ஆம்ப்கள்தான் மேடையில், குரல் அரங்கத்தின் அறிவிப்பு ஒலிபெருக்கி வழியாகப் போனது. பாடியது அவர்களுக்கே கேட்காது, மேடையில் மானிட்டர் கிடையாது. அந்த நாள் கச்சேரிகளில் முன்னால் நிற்கும் மூவரின் அசைவைப் பார்த்துத்தான் பாட்டில் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடித்ததாக டிரம்மர் ரிங்கோ ஸ்டார் சொல்லியிருக்கிறார். ஒரு நடுத்தரக் கல்யாண மண்டபத்தில் இன்று அதைவிட நல்ல செட் இருக்கும். அந்த நிலையில் மூன்று குரல் ஹார்மனியைச் சேர்த்துப் பிடித்தவர்களை ‘லைவ்ல சுமார்’ என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இதை வேறு திசையில் தீர்க்கப் பார்த்தது கிரேட்ஃபுல் டெட். 1974-ல் அவர்கள் இழுத்துக்கொண்டு அலைந்த வால் ஆஃப் சவுண்ட் என்ற ஸ்பீக்கர் சுவர் ஏறக்குறைய 75 டன் எடை, சுமார் 600 ஸ்பீக்கர். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி அடுக்கு, எல்லாம் வாசிப்பவர்களின் முதுகுக்குப் பின்னால். ரசிகர் கேட்பதையே அவர்களும் கேட்டார்கள், தனி மானிட்டர் தேவைப்படவில்லை. ஸ்பீக்கருக்கு முன்னால் மைக் வைத்தால் ஃபீட்பேக் கத்துமே, அதற்கு என்ன செய்தார்கள் என்பதுதான் அழகு. ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு மைக்கை ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டி, ஒன்றின் வயரை எதிர்த்திசையில் இணைத்தார்கள். பாடகர் மேல் மைக்கில் மட்டும் உதட்டை ஒட்டிப் பாடுவார். பின்னாலிருந்து வரும் ஸ்பீக்கர் சத்தம் இரண்டு மைக்கிலும் சமமாக விழுந்து ஒன்றையொன்று அழித்துவிடும், ஒரு மைக்கில் மட்டும் விழுந்த குரல் மிஞ்சும். உதடு இரண்டு அங்குலம் விலகினாலும் குரல் மெலிந்து தகரம் போலாகும். செலவும் லாரியும் தாங்காமல் அந்த வருஷ அக்டோபரோடு அதைக் கைவிட்டார்கள்.

பாடகர்களைப் பற்றிய சண்டையில் தவறாமல் வரும் ஒரு குற்றச்சாட்டு: ‘வயசாயிடுச்சு, கட்டையை இறக்கிப் பாடுறார்.’ இறக்குகிறார்கள், உண்மைதான். வழக்கமான கிட்டாரின் தடித்த கம்பி இ ஸ்வரம், நம் கணக்கில் 3 கட்டை. மெட்டாலிகா பல வருஷங்களாக மேடையில் அரைக்கட்டை இறக்கி, இரண்டரையில் வாசிக்கிறது. இரண்டு மணி நேரம், வாரத்துக்கு இரண்டு மூன்று இரவு என்று ஓடும்போது பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் குரலுக்கு அந்த அரைக்கட்டை பெரிய நிழல். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் கன்ஸ் அண்ட் ரோஸஸும் ஆல்பத்திலேயே அரைக்கட்டை இறக்கித்தான் வைத்தார்கள். கம்பி தளர்வதால் விரலுக்கு வளைக்க எளிது, சத்தமும் தடிக்கும். இதன் உச்சம் பிளாக் சப்பாத்தின் கிட்டாரிஸ்ட் டோனி அயோமி. 17 வயதில் தகரத் தொழிற்சாலையில் வலது கை நடுவிரல், மோதிர விரல் நுனிகள் போய்விட்டன. இடது கைப் பழக்கம் என்பதால் ஸ்வரம் பிடிக்கும் கையே வலது கைதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார், மெல்லிய கம்பிகளைப் போட்டார். 1971-ல் மூன்றாவது ஆல்பத்துக்கு ஒன்றரைக் கட்டைவரை இறக்கிவிட்டார். ஹெவி மெட்டலின் அந்தக் கனத்த இருட்டு, வலிக்கும் விரலுக்காகத் தளர்த்திய கம்பியிலிருந்து வந்தது.

கட்டை இறங்கியதைவிடப் பாடகரைக் காட்டிக்கொடுப்பது மானிட்டர், அதாவது அவர் தன் குரலைக் கேட்க வைக்கும் ஸ்பீக்கர். காலடியில் சாய்வாக வைக்கும் ஸ்பீக்கர்தான் முன்பெல்லாம். டிரம்ஸ், ஆம்ப் சத்தத்துக்கு மேல் தன் குரல் கேட்காமல் பாடகர் கத்துவார், கத்தினால் சுருதி மேலே ஏறும், ஒரு மணி நேரத்தில் தொண்டை கட்டும். காதுக்குள் மாட்டும் இன்-இயர் வந்தபின் இது பெருமளவு தீர்ந்தது. ஏசி/டிசியின் பாடகர் பிரையன் ஜான்சன் 2016-ல் செவி முழுவதும் போய்விடும் என்று மருத்துவர்கள் எச்சரித்ததால் சுற்றுப்பயணத்தை நடுவில் விட்டார், மீதியை கன்ஸ் அண்ட் ரோஸஸின் ஆக்ஸல் ரோஸ் பாடி முடித்தார். இன்-இயரில் நெடுநாள் உழைத்த ஸ்டீஃபன் ஆம்ப்ரோஸின் உதவியோடு ஜான்சன் திரும்பி வந்து, 2023 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் இண்டியோவில் மேடை ஏறினார். பாடகர் ஒரு காதிலிருந்து இன்-இயரைக் கழற்றுவதைப் பார்த்தால் பலர் ‘ஸ்டைல்’ என்கிறார்கள். பெரும்பாலும் கூட்டத்தின் சத்தம் வேண்டும் என்பதற்காகத்தான். கழற்றியதும் மீதி காதில் சத்தத்தை ஏற்றச் சொல்வார், அந்தக் காதுக்கு அது நல்லதில்லை. நல்ல மானிட்டர் என்ஜினியர் மேடை ஓரத்தில் கூட்டத்தை நோக்கி இரண்டு மைக் வைத்து, ரசிகர் சத்தத்தையும் கலந்து காதுக்குள் அனுப்பிவிடுவார்.

இப்போது வாத்தியம். கனமான சத்தம் என்றால் டிஸ்டார்ஷன் முழுக்க ஏற்றினால் வரும் என்று கிட்டார் தொடங்குகிற பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஏசி/டிசியில் மறைந்த மால்கம் யங் வாசித்த கிரெட்ச் கிட்டாரில் பிரிட்ஜ் பக்கப் பிக்கப் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்குவது) ஒன்றுதான், மற்றதைக் கழற்றி எறிந்துவிட்டார். தடித்த கம்பி, மார்ஷல் ஆம்பில் கெயின் (சத்தத்தைச் சிதைக்கும் அளவு) குறைவு, கை மட்டும் பலமாக விழும். கெயின் குறைந்தால் கார்டில் உள்ள ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கும், டிரம்ஸுக்கு இடம் கிடைக்கும். மைதானத்தில் இதன் பலன் பல மடங்கு. முழு டிஸ்டார்ஷன் 80 மீட்டர் தள்ளி வெறும் இரைச்சலாகக் கரையும், மால்கமின் ரிஃப் கடைசி வரிசைக்கும் வெட்டிவைத்தது மாதிரி போய்ச் சேரும். சுற்றிலும் ஓடித் திரியும் ஆங்கஸ் யங்கைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். பேண்டைத் தூக்கி நிறுத்தியது பின்னால் டிரம்ஸ் பக்கத்தில் அசையாமல் நின்ற அண்ணன்.

ரோலிங் ஸ்டோன்ஸிலும் அடித்தளம் வழக்கத்துக்கு மாறானது. கீத் ரிச்சர்ட்ஸ் ஆறாவது கம்பியைக் கழற்றிவிட்டு, ஐந்து கம்பியை ஜி-டி-ஜி-பி-டி என்று வைத்து வாசிப்பார். எதையும் பிடிக்காமல் தட்டினாலே முழு ஜி கார்டு. டிரம்மர் சார்லி வாட்ஸின் வலது கையைப் படம் எதிலாவது உற்றுப் பாருங்கள். ஹை-ஹாட்டில் (ஜோடி சிம்பல்) ஒரு சுற்றுக்கு எட்டு அடி போய்க்கொண்டிருக்கும். இடது கை ஸ்னேரில் விழும் இரண்டாவது, நான்காவது மாத்திரையில் வலது கை ஹை-ஹாட்டைத் தொடாமல் மேலே தூக்கிக்கொள்ளும். சாதாரண டிரம்மர் இரண்டையும் சேர்த்து அடிப்பார். சார்லி அந்த இடத்தைக் காலியாக விட்டதால் ஸ்னேருக்கு முழு வெளி கிடைத்தது, கூடவே ஒரு சின்ன இழுப்பும். அந்த இழுப்புதான் ஸ்டோன்ஸ். 2021-ல் அவர் மறைந்தபின் ஸ்டீவ் ஜோர்டன் வாசிக்கிறார். அருமையான டிரம்மர், ஆனால் இது வேறு நடை. 2003 ஏப்ரலில் பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் சார்லியை நேரில் கேட்டவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

அந்த மைதானத்துக்கு இந்திய ராக் ரசிகர்கள் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். 2007 மார்ச் 17 அன்று அயர்ன் மெய்டன், 2011 அக்டோபர் 30 அன்று மெட்டாலிகா, இரண்டும் அங்கேதான். மெட்டாலிகா அதற்கு இரண்டு நாள் முன்பு குர்கானில் வாசித்திருக்க வேண்டும். மேடை முன் பாரிகேட் உடைந்து அந்த நிகழ்ச்சி ரத்தானது. ரத்து செய்ததைத் திட்டியவர்கள் 2000 ஜூன் 30 அன்று டென்மார்க்கின் ராஸ்கில்டேயில் பேர்ல் ஜாம் வாசித்துக்கொண்டிருந்தபோது நெரிசலில் ஒன்பது பேர் இறந்ததை நினைக்க வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் போனால் உங்கள் உடலின் அசைவு உங்கள் கையில் இருக்காது. கையைத் தூக்கி முகத்தைத் தொட முடியவில்லை என்றால் பாட்டு எதுவானாலும் விடுங்கள். நேர் பின்னால் தள்ளாமல், அலை அசையும்போது அதோடு குறுக்காக ஓரத்துக்கு நகருங்கள். முழங்கையை மடக்கி நெஞ்சுக்கு முன்னால் குத்துச்சண்டைக்காரர்போல வைத்துக்கொண்டால் மூச்சுக்கு இடம் இருக்கும்.

புதியவர்களுக்கு வருவோம். ‘ராக் செத்துப்போச்சு’ என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ராயல் பிளட்டை எடுங்கள். இரண்டே பேர், கிட்டாரே கிடையாது. மைக் கெர் பாஸ் வாசித்துக்கொண்டே பாடுகிறார், பென் தாட்ச்சர் டிரம்ஸ். பாஸின் சிக்னலைப் பிரித்து, ஒரு பாதையைப் பாஸ் ஆம்புக்கும் இன்னொரு பாதையை ஆக்டேவ் பெடல் வழியாக ஒரு ஸ்தாயி ஏற்றி கிட்டார் ஆம்புக்கும் அனுப்புகிறார்கள். கண்ணை மூடினால் மூன்று பேர் வாசிப்பதாகத் தோன்றும். வீட்டில் செய்து பார்க்கிறவர்களுக்கு: ஆக்டேவ் பெடலை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வையுங்கள், பின்னால் வைத்தால் அதற்கு ஸ்வரம் பிடிபடாமல் தத்தளிக்கும். கிட்டார் பாதையில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அடி ஸ்தாயி இரண்டு ஆம்பிலும் மோதிக் குழம்பும்.

2025 ஜூலை 5 அன்று பர்மிங்காம் வில்லா பார்க்கில் சப்பாத்தின் பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் கடைசி மேடையில் இளம் பாடகர் யங்பிளட் பாடியதைக் கேட்டபின், இளைய தலைமுறையில் முன்னணிப் பாடகர் இல்லை என்ற வாதம் எப்படி நிற்கிறது என்று தெரியவில்லை. பழைய சப்பாத் பாட்டொன்றை, அந்தக் கூட்டத்தின் முன்னால், மிகையில்லாமல் பாடினார். ஆஸி அந்த மாதம் 22-ம் தேதி மறைந்தார்.

இன்றைய பேண்டுகள் மேல் சொல்லும் புகார்களில் நான் ஒப்புக்கொள்வது பேக்கிங் டிராக்கை, அதாவது முன்பே பதிவு செய்து மேடையில் ஓடவிடுவதை. அதிலும் பிரிவு உண்டு. கீபோர்டு, கோரஸ், கிட்டாரின் மூன்றாவது அடுக்கு டிராக்கில் வந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. முதன்மைக் குரல் டிராக்கில் வந்தால் அது கச்சேரி இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? மைக்குக்கும் உதட்டுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். உதட்டை ஒட்டியிருந்தால் குரலில் அடி ஸ்தாயி பருக்கும், ஒரு சாண் விலகினால் சத்தமும் பருமனும் சேர்ந்து குறையும். மைக் கீழே இறங்கிய பிறகும் குரல் மாறாமல் போனால் அது டிராக். நீள வாக்கியத்துக்கு முன் மூச்சு இழுக்கும் சத்தம் வருகிறதா, குதித்து இறங்கும்போது குரல் அதிர்கிறதா என்றும் கேளுங்கள். டிராக் ஓடும்போது டிரம்மர் காதில் ஒரு கிளிக் தட்டிக்கொண்டே இருக்கும், அதிலிருந்து அவர் விலக முடியாது. அதே கடிகாரத்தோடு விளக்கு, திரைப்படம், தீ எல்லாம் கட்டப்பட்டிருக்கும். அதனால்தான் பெரிய தீ விளையாட்டு வைத்திருக்கும் பேண்டுகள் இரவுக்கு இரவு பாட்டை மாற்றுவதில்லை.

பேர்ல் ஜாம் இதற்கு நேர் எதிர். ஒவ்வொரு இரவும் வேறு பட்டியல். 2000-ஆம் ஆண்டுச் சுற்றில் 72 இரவுகளின் பதிவுகளை அவர்களே அதிகாரபூர்வமாக வெளியிட்டார்கள். மெட்டாலிகா 2023 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய சுற்றில் ஒரு ஊரில் இரண்டு இரவு, ஒரு பாட்டுகூடத் திரும்ப வராது. மைதானத்தின் நடுவில் வளைய மேடை, சுற்றி எட்டுக் கோபுரங்களில் திரையும் ஸ்பீக்கரும், டிரம்ஸ் நான்கு திசையில் இடம் மாறும். ஒரு ஊருக்கு ஒரே இரவுக்கான டிக்கெட் எடுப்பவருக்கு நிலையான பட்டியல் நல்லது, பிடித்த பாட்டு தவறாது. பின்தொடர்ந்து பல இரவு கேட்பவருக்குப் பேர்ல் ஜாம் முறைதான் வேண்டும். எனக்கு எது மேல் என்றால் மாறும் பட்டியல். அன்று மாலை முடிவான பாட்டில் நடக்கும் சின்னத் தடுமாறல், அதிலிருந்து அவர்கள் கண்ணால் பேசி மீண்டு வருவது, இதற்காகத்தான் மைதானத்துக்குப் போவது.

கோஸ்ட் 2025 சுற்றில் ரசிகர்களின் போன்களைப் பூட்டும் பையில் போட வைத்தது. முழு மனதோடு வரவேற்கிறேன். தலைக்கு மேல் திரைகள் இல்லாத கூட்டம் கைகளைத் தட்டும், மேடையில் இருப்பவர்களுக்கும் முகங்கள் தெரியும்.

கடைசியாகக் காது. 1976-ல் லண்டன் சார்ல்ட்டன் மைதானத்தில் தி ஹூ 32 மீட்டர் தள்ளி 126 டெசிபல் காட்டி கின்னஸில் ஏறினார்கள். பிறகு அந்தப் பிரிவையே கின்னஸ் நீக்கிவிட்டது. அந்த பேண்டின் கிட்டாரிஸ்ட் பீட் டவுன்ஷெண்டின் காதில் இரைச்சல் இன்றும் நிற்கவில்லை. கணக்கு இப்படி: 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94-ல் ஒரு மணி நேரம், 100-ல் 15 நிமிடம். முன்பாதிக் கூட்டத்தில் 100-க்கு மேல்தான் ஓடும், அதாவது நாலாவது பாட்டிலேயே ஒரு நாள் கணக்கு முடிந்துவிடும். மருந்துக்கடை ஸ்பாஞ்ச் அடைப்பான் காதைக் காக்கும், ஆனால் மேல்ஸ்தாயியை அதிகம் விழுங்கிவிடும். வாத்தியக்காரர்களுக்கென்று வரும் அடைப்பான் 15 முதல் 20 டெசிபலை எல்லா ஸ்தாயியிலும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும், சிம்பல் சிம்பலாகவே இருக்கும். ஸ்பாஞ்ச்தான் கிடைத்தது என்றால் மெல்லிய குச்சியாக உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு 30 நொடி விரலால் பிடித்திருங்கள். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அது அடைக்கவில்லை. முதல் பாட்டு தொடங்கும் முன்பே மாட்டிவிடுங்கள். நடுவில் மாட்டினால் எல்லாம் மங்கியதாகத் தோன்றிக் கழற்றிவிடுவீர்கள். முன்பே மாட்டினால் இரண்டு பாட்டுக்குள் காது பழகிவிடும். கடைசிப் பாட்டு முடிந்து விளக்கு எரிந்ததும் கழற்ற வேண்டாம், கூட்டம் கலையும்போது ஸ்பீக்கரில் ரெக்கார்டு போடுவார்கள், அதுவும் சத்தமாகவே ஓடும். வெளிக் கதவைத் தாண்டியபின் கழற்றுங்கள்.